உறுமல் இல்லாத பெட்டி

அவரை எல்லோரும் ‘உறுமல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோபக்காரர் என்பதால் வந்த பெயர் இல்லை. கோபம் அவருக்கு வந்த வேகத்திலேயே போய்விடும். பழைய பாட்டுப்பெட்டிகளை ரிப்பேர் செய்வது அவர் தொழில். காசு போட்டுப் பொத்தானை அமுக்கினால், உள்ளே ஒரு கை நகர்ந்துபோய் வரிசையிலிருந்து இசைத்தட்டை உருவி எடுத்து, சுழலவிட்டு, ஊசியை இறக்கிப் பாடுமே, அந்த ஜூக்பாக்ஸ்தான். வேலை முடித்து ஒப்படைக்கும்போது அவர் பாட்டு எதையும் வைக்கமாட்டார். பெட்டியை ஆன் செய்து, சத்தத்தை முழுக்க ஏற்றி, பாட்டு இல்லாதபோது ‘ம்ம்ம்’ என்று இரைகிறதா என்று கேட்க வாங்க வந்தவரை ஸ்பீக்கர் பக்கம் குனியச் சொல்லுவார். “உறுமல் இருக்கா? நல்லாக் காது குடுத்துக் கேளுங்க. இருக்கா?” அந்த மனிதர் “இல்லைங்க” என்று வாயைத் திறந்து சொல்லும்வரை விடமாட்டார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது.

வால்வு ரேடியோ காலத்தில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். மூடப்போன ஒரு விடுதியிலிருந்து உடைந்த பாட்டுப்பெட்டி ஒன்று அந்தக் கடைக்கு வந்தது. முதலாளி அதை விறகுக்குப் போடச் சொன்னார். இவர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், ஐம்பதைத் தாண்டியும் தெளியவில்லை. வீட்டு முன்னறைதான் பட்டறை. சோபா போன இடம் தெரியாது. குளியலறைப் பரண் முழுக்க இசைத்தட்டு. சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் அவர் மனைவி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டும். அந்த அம்மாள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், வாய் கொஞ்சம் நீளம். “எனக்குச் சக்களத்திங்க நிறைய. ஆனா ஒருத்தியும் பாத்திரம் தேய்க்க மாட்டா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். இவரும் சேர்ந்து சிரிப்பார்.

தலைக்கனம் இருந்தது, மறைப்பானேன். வேறொருவர் கைவைத்த பெட்டி வந்தால் போதும், பின்கதவைக் கழற்றிவிட்டு “எந்தக் கசாப்புக்காரன் பார்த்த வேலை இது?” என்பார். நாளை சரிசெய்வதற்காக இன்றைக்கு ஒட்டுப்போட்டு ஓட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதற்கேற்ற திறமையும் இருந்தது என்பதால் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. அவரை எதிர்த்துப் பேசாத வரிசையில் முதல் ஆள் அவருடைய தங்கை.

தங்கை பக்கத்துச் சந்தில் ஒற்றை அறையில் இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. காலையில் கடைத்தெருக் காபிக்கடையில் பெருக்கித் துடைப்பாள். மதியத்துக்கு மேல் ஒரு தையல்கடைக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பாள். காபிக்கடை வேலையை வாங்கிக் கொடுத்தது அண்ணன்தான். அந்தக் கடைக்காரர் பழைய பாட்டுப்பெட்டி ஒன்றை வாங்கி வைத்தால் கூட்டம் வரும் என்று ஆசைப்பட்டு இவரிடம் வந்தார். பெட்டியைக் கொண்டுபோய் நிறுத்திய கையோடு, “துடைக்க ஆள் வேணும்னா என் தங்கச்சி இருக்கா” என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். அவள் கடைக்குப் போனதும் தரையைத் துடைப்பாள், அடுத்தது பெட்டிதான், மேஜை நாற்காலியெல்லாம் அப்புறம். யாராவது கேட்டால், கேட்காவிட்டாலும், “எங்க அண்ணன் செஞ்சது” என்பாள்.

அந்தப் பெட்டிதான் அவளைத் தூக்கி எறிந்தது.

போன் வந்தபோது இவர் ஒரு பெட்டியின் பொத்தான் பலகையைப் பிரித்துப் போட்டு, களிம்பு பிடித்த பித்தளைத் துண்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். காபிக்கடைக்காரர் பதறிக்கொண்டு பேசினார். “மாஸ்டர், உங்க தங்கச்சிக்கு ஷாக் அடிச்சிடுச்சு. பெட்டியைத் துடைச்சிட்டு இருந்தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டு இருக்கோம்.”

“கை ஈரமா இருந்திருக்கும்” என்றார் இவர்.

கூடப்பிறந்தவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். கடைக்காரர் “ஆமாமா, அப்படித்தான் இருக்கும்” என்று உடனே பிடித்துக்கொண்டார். போனை வைத்த பிறகுதான் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதது உறைத்தது; திரும்பக் கூப்பிட்டார்.

உயிர் பிழைத்துவிட்டாள். தூக்கி எறிந்ததில் இடுப்பில் அடி, அது ஆறிவிடும். வலது கைதான். உள்ளங்கை கருகியிருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் பாதி மடங்கினபடியே நின்றன, அதற்கு மேல் மூடவும் இல்லை, விரியவும் இல்லை. நரம்பு பாதித்திருக்கிறது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கையால்தான் அவள் ஊசி பிடிக்க வேண்டும், துடைப்பம் பிடிக்க வேண்டும், சோறு பிசைய வேண்டும்.

கடைக்காரர் கட்டில் ஓரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தங்கை அவரைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். “ஈரக் கையோட தொட்டுட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்” என்றாள்.

கடைக்காரர் முகம் தெளிந்துவிட்டது. அண்ணனுக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்படி இறங்கியது அவருக்கே தெரிந்தது. சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் இறங்கியது இறங்கியதுதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்த அவர் மனைவி பேசவில்லை. நீளமான அந்த வாய் மூடியிருந்ததே அவருக்குத் தாங்கவில்லை. “ஈரக் கையோட தொட்டா யாருக்கா இருந்தாலும் அடிக்கத்தான் செய்யும்” என்று இவராகவே ஆரம்பித்தார்.

“தரை துடைக்கிறவ கை ஈரமாத்தாங்க இருக்கும்” என்றார் மனைவி. “ஈரக் கை பட்டா ஆளைத் தூக்கி அடிக்கிற பெட்டியை நாலு பேர் வந்துபோற கடையில வைக்கலாமா? எனக்குத் தெரியலை, கேக்கிறேன்.”

“உனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது.”

“அதைத்தான் நானும் சொல்றேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.”

வீடு வந்ததும் தெரிந்தவர் சாப்பிட உட்கார்ந்து சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காபிக்கடைக்குப் போனார். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப்போட்டு, ‘பழுது’ என்று அட்டை எழுதி மாட்டியிருந்தார்கள். வேறு ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கையின் இடத்தில் ஆள் போட்டாயிற்று. இவ்வளவு சீக்கிரமாகவா என்று இவருக்குச் சுருக்கென்றது. கடைக்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டு, “கடை நடக்கணும் இல்லையா மாஸ்டர்” என்றார். “அவங்களும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்.”

இவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டார். விளக்கு மினுங்கிச்சா, தீய்ந்த வாடை வந்துச்சா, பாட்டில் ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா.

“ஒண்ணுமே இல்ல மாஸ்டர். அதுக்கு முந்தின நாள்வரைக்கும் சுத்தமாப் பாடுச்சு. உங்க கைராசியைச் சொல்லணும். ஃப்ரிட்ஜ் ஓடறப்பகூட உறுமலே இல்ல.”

வேறு யாராவது என்றால் இதைக் கேட்டு மகிழ்ந்திருப்பார்கள். இவர் சட்டென்று ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார். ஏனென்றால் அந்தக் கடையில் ஃப்ரிட்ஜ் ஓடும்போது பெட்டி உறுமியாக வேண்டும். உறுமவில்லை என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

பின்கதவைத் திறந்தார். டார்ச்சை அடித்தார். பெட்டியின் இரும்புச் சட்டத்தில் திருகியிருக்க வேண்டிய பச்சை எர்த் ஒயர், திருகாணியிலிருந்து விலகி, மடக்கி, முனையில் கறுப்பு டேப் சுற்றி ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. டேப்பின் நுனி உள்பக்கமாக மடித்துவிடப்பட்டிருந்தது. நிரந்தரமான வேலைக்கு அவர் டேப்பே போடமாட்டார். தற்காலிகமாகச் சுற்றும்போது மட்டும், பிறகு வந்து நகத்தால் உரிக்க வசதியாக இருக்கட்டும் என்று நுனியை இப்படி மடித்துவிடுவார். உலகத்தில் வேறு எந்த மெக்கானிக்கும் அப்படிச் செய்து அவர் பார்த்ததில்லை. எந்தக் கசாப்புக்காரன் என்று இப்போது யாரைக் கேட்பது?

பெட்டியை நிறுத்திய நாள் கண்முன் வந்தது. கடை திறப்பு, கூட்டம். சத்தத்தை ஏற்றிவிட்டுக் கடைக்காரரைக் குனியச் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஓரத்தில் நின்ற பெரிய ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்தது, பெட்டி உறுமியது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். காது சிவந்துபோய்ப் பின்னால் குனிந்தவர், எர்த் ஒயர் வழியாகத்தான் அந்தச் சத்தம் ஏறுகிறது என்று கண்டுபிடித்தார். பெட்டியின் உடம்பில் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோய்விடும் ஒயர் அது. அதைக் கழற்றினார். பெட்டி கப்சிப். எல்லோரும் கைதட்டினார்கள். கடையின் ஒயரிங்கில் கோளாறு இருக்கிறது, அதைச் சரிசெய்தபிறகு மாட்டிவிடலாம், நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தபடிதான் டேப்பைச் சுற்றினார். அந்த நாளை வரவேயில்லை.

இன்னொன்றும் இருந்தது. கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில், சட்டத்துக்கும் லைனுக்கும் நடுவே மெழுகு பூசிய பழைய கண்டென்சர் ஒன்று. மற்ற எல்லாவற்றையும் மாற்றியவர் அதை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தார். மோட்டார் ஓடும்போது வரும் கரகரப்பை அந்தப் பழசு அடக்குகிற மாதிரி புதுசு எதுவும் அடக்காது என்பது அவர் கட்சி. இப்போது அது வெடித்து, கரண்டை நேராகச் சட்டத்துக்கு விட்டுவிட்டு, மெழுகு வழிந்து, உறைந்து கிடந்தது. எர்த் இருந்திருந்தால் பியூஸ் போயிருக்கும், பெட்டி அணைந்திருக்கும். எர்த் இல்லாததால் வந்த கரண்ட் முழுவதும் சட்டத்திலேயே நின்றது, யார் தொடுவார்கள் என்று.

அதைவிடக் கொடுமை, அவள் சொன்னாள். சில வாரம் முன்னால் பட்டறைக்கு வந்து, “அண்ணே, அந்தப் பெட்டியைத் தொட்டா சுருசுருன்னு இருக்கு” என்று சொன்னாள். இவரும் போய்ப் பார்த்தார். தடித்த ரப்பர் செருப்போடு நின்று, உள்ளங்கையைப் பெட்டிமேல் அகலமாக வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. கரண்ட் பார்க்கும் மீட்டர் பையிலேயே இருந்தது, எடுக்கவில்லை. “உனக்குக் கொசு கடிச்சாக்கூடக் கரண்டுதான்” என்று கேலி பண்ணினார். கடைக்காரர் சிரித்தார். தங்கையும் சிரித்தாள்.

எவ்வளவு நேரம் அப்படிக் குந்தியிருந்தாரோ. நிமிர்ந்தபோது பச்சை ஒயர் திருகாணியில் இறுக்கமாக மாட்டியிருந்தது. வெடித்த கண்டென்சர் கழன்று அவர் சட்டைப்பைக்குள் இருந்தது. அவர்தான் செய்திருக்கிறார். அவருக்கே தெரியாது. முப்பது வருஷத் தொழில், திறந்த பெட்டியில் கோளாறைக் கண்டால் கை சும்மா இருக்குமா? மனசு அழுதுகொண்டிருந்த நேரத்தில் கை தன்பாட்டுக்கு ரிப்பேரை முடித்துவிட்டது. டேப் துண்டுகூடக் கீழே சுருண்டு கிடந்தது.

அதைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. இப்போது கதவை மூடினால் முடிந்தது கதை. எந்த அதிகாரி வந்து திறந்து பார்த்தாலும் எர்த் இருக்கிறது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. தப்பு, ஈரக் கையோடு தொட்டவளுடையது. அவளே ஒத்துக்கொண்டாள். தொழில் பிழைக்கும், பெயர் பிழைக்கும். முன்னறையில் நிற்கும் பெட்டிகளை வந்து வாங்கிப்போவார்கள். அந்த ஆசை அவருக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். கதவைத் தூக்கிப் பொருத்தி ஒரு திருகாணியை முடுக்கியும் விட்டார்.

தரை துடைத்துக்கொண்டே வந்த அந்தப் புதுப் பெண், “கொஞ்சம் காலைத் தூக்கிக்கங்கய்யா” என்றாள். பாவாடையைச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, ஈரத்தில் நின்றாள். பெட்டியைத் துடைக்கலாமா என்று கேட்டாள்.

“தொடாதே!” என்று கத்தினார். பிளக் பிடுங்கிக் கிடந்ததுகூட அவருக்கு நினைவில்லை. கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் ஓடிவந்தார். “என்ன மாஸ்டர்?”

“தப்பு என்னுது” என்றார் இவர். “எர்த்தைக் கழட்டிவிட்டது நான். உறுமல் வரக்கூடாதுன்னு கழட்டினேன். திரும்ப மாட்டலை. அவ கைமேல தப்பு இல்ல.”

கடைக்காரர் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “என்ன பேசுறீங்க, மெதுவா. எங்கே, காட்டுங்க.”

காட்ட என்ன இருக்கிறது? பின்கதவைத் திறந்தார். பச்சை ஒயர் சமர்த்தாகத் திருகாணியில் உட்கார்ந்திருந்தது.

“மாட்டித்தானே இருக்கு?”

“இப்பத்தான் மாட்டினேன்.”

“மாஸ்டர்” என்றார் கடைக்காரர், பிள்ளைக்குச் சொல்வது போல. “தங்கச்சிக்கு இப்படி ஆனதுல நீங்க நிலைகுலைஞ்சு போயிட்டீங்க. வீட்டுக்குப் போங்க. அவங்களே ஈரக் கைன்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. விட்டுடுங்களேன்.”

வாழ்க்கையிலேயே முதல்தடவையாகத் தன் வேலையைக் கசாப்பு வேலை என்று சொல்ல வந்திருக்கிறார், கேட்க ஆள் இல்லை. அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பையிலிருந்து வெடித்த கண்டென்சரை எடுத்து மேஜைமேல் வைத்தார். காபி குடிக்க வந்தவர்களைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். தங்கை சுருசுருவென்று இருக்கிறது என்று சொன்னதையும், தான் கேலி பண்ணியதையும் விடவில்லை. அப்புறம் கட்டிங் பிளேயரை எடுத்து, பெட்டியின் ஒயரைப் பிளக்கோடு சேர்த்து வெட்டினார். “யார் வந்து பார்க்கணுமோ வந்து பார்க்கட்டும். நான் இதையேதான் சொல்லுவேன். அதுவரைக்கும் இது பாடக்கூடாது” என்றார்.

கடைக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. “என் கடையில நின்னுக்கிட்டு என் மானத்தை வாங்குறியா?” என்று மரியாதையெல்லாம் காற்றில் விட்டுக் கத்தினார். இனி ஒரு பெட்டி உன் கைக்கு வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்துக்கொள்வார், அவருக்குத் தெரியாத ஆள் இல்லை. இவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். தங்கை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையால் ஸ்பூனைப் பிடித்துக் கஞ்சி குடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி மடியில் சிந்தியிருந்தது. அண்ணனைக் கண்டதும் ஸ்பூனை வைத்துவிட்டாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். டேப்பைப் பற்றிச் சொன்னார், கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்ததையும் சொன்னார்.

அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அலுத்துக்கொண்டாள்.

“ஏண்ணே இப்படிப் பண்ணினே? என் கை காய்ஞ்சுதான் இருந்துச்சு. கண்ணாடியில கோடு விழும்னு நீதானே சொன்னே, காய்ஞ்ச துணிதான் போடுவேன். தூக்கி அடிச்சப்பவே எனக்குத் தெரியும், அது பெட்டிதான்னு.”

“தெரிஞ்சுமா ஈரக் கைன்னு சொன்னே?”

“வேற என்ன சொல்லச் சொல்றே? எங்க அண்ணன் வேலை சரியில்லைன்னா? கை எப்படியும் போச்சு. உன் பொழப்பாவது மிஞ்சட்டும்னு பார்த்தேன். அதையும் போய்க் கொட்டிக் கவுத்துட்டு வந்து நிக்கிறே.”

அவர் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வழிந்தது. உறவுக்காரர்கள் யாரும் அவர் அழுது பார்த்ததில்லை. “தங்கச்சி, நான்...” என்று ஆரம்பித்தார்.

“வேண்டாம்” என்றாள் தங்கை. குரல் உயரவில்லை, ஆனால் அந்தக் குரலை அவர் அதற்குமுன் கேட்டதில்லை. “மன்னிப்பு மட்டும் கேக்காதேண்ணே. நீ கேட்டா நான் குடுத்துடுவேன். சின்ன வயசுலேருந்து அப்படியே பழகிட்டேன். சுருசுருங்குதுன்னு சொன்னப்ப நீ சிரிச்சே, கூட நானும் சிரிச்சேன் பாரு, அந்த மாதிரி. எனக்குக் கோபமா இருக்கு. கொஞ்ச நாள் கோபமா இருந்துக்கறேன். விடு.”

“சரி” என்றார் அவர்.

எழுந்து போகவும் தோன்றவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து ஸ்பூனில் மொண்டு நீட்டினார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.